கோல்டு க்ரீமில் தண்ணீர் கசிகிறது: ஸ்நோ, லோஷன், க்ரீம் ஃபார்முலா கணக்குகள் (விவாத இழை)

#1 தாமரை_86

கோல்டு க்ரீம், 200 கிராம் பேட்ச். ஃபார்முலா சதவீதத்தில்: தேன்மெழுகு 15, லைட் லிக்விட் பாரபின் 50, போராக்ஸ் 1, பன்னீர் 34. மெழுகும் பாரபினும் 72 டிகிரி. பன்னீரில் போராக்ஸைக் கரைத்து அதையும் அதே சூட்டுக்குக் கொண்டுவந்து, மெதுவாக ஊற்றி, ஹேண்ட் பிளெண்டரில் மூன்று நிமிடம்.

அன்றைக்கு வெண்ணெய் மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் மேலே முத்து முத்தாகத் தண்ணீர். ஜாடி ஓரத்தில் காய்ந்த இடத்தைத் தொட்டால் நறநறவென்கிறது. மெழுகு, மலைத்தேனீ அடையை உருக்கி வடிகட்டியது. கலப்படம் கிடையாது. ஃபார்முலாவும் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். எது தப்பு?

கூடவே ஒரு கேள்வி. ஸ்நோ, கோல்டு க்ரீம், மாய்ஸ்சரைசர் எல்லாவற்றையும் கடையில் க்ரீம் என்றுதான் சொல்கிறார்கள். உள்ளே அடிப்படை ஒன்றா, வேறு வேறா?

#2 பீக்கர்_பாண்டி

மெழுகு சுத்தமாத்தான் இருக்கும். அந்த ஃபார்முலா அந்த மெழுகுக்கு எழுதினது இல்ல, அவ்வளவுதான்.

கோல்டு க்ரீம்ல எமல்சிஃபையர்னு தனியா எதுவும் போடுறதில்ல. மெழுகுல இருக்கிற கொழுப்பு அமிலமும் போராக்ஸும் சேர்ந்து அங்கேயே சோப்பாகுது. அந்த சோப்புதான் எண்ணெயையும் தண்ணியையும் பிடிச்சு வைக்குது. எவ்வளவு சோப்பு வரும்ங்கிறது மெழுகோட ஆசிட் வேல்யூவைப் பொறுத்தது, அதாவது ஒரு கிராம் மெழுகுல இருக்கிற அமிலத்தை நடுநிலையாக்க எத்தனை மில்லிகிராம் கேஓஹெச் (காஸ்டிக் பொட்டாஷ்) வேணும்ங்கிற எண். பாடப்புத்தக ஃபார்முலா எல்லாம் இத்தாலியத் தேனீ மெழுகுக்கு எழுதினது, அதோட ஆசிட் வேல்யூ 17 முதல் 24. மலைத்தேனீ, அடுக்குத் தேனீ மெழுகு பெரும்பாலும் 5 முதல் 10க்குள்ள நிக்கும்.

100 கிராம் க்ரீமுக்குக் கணக்கு பாருங்க. 15 கிராம் மெழுகு, ஆசிட் வேல்யூ 20ன்னா 15 × 20 = 300 மில்லிகிராம் கேஓஹெச்சுக்குச் சமமான அமிலம். 56.1ஆல வகுத்தா 5.35 மில்லிமோல். போராக்ஸ் ஒரு மோல் (381.4 கிராம்) ரெண்டு மோல் அமிலத்தைத் தின்னும், அதாவது ஒரு மில்லிமோல் அமிலத்துக்கு 0.1907 கிராம். பெருக்கினா 1.02 கிராம். புத்தகத்துல 1% எப்படி வந்ததுன்னு இப்ப புரியும்.

உங்க மெழுகு 7ன்னு வையுங்க. 105 மில்லிகிராம், 1.87 மில்லிமோல், தேவையான போராக்ஸ் 0.36 கிராம்தான். மீதி 0.64 கிராம் வேலை இல்லாம தண்ணியில கிடக்கு. தண்ணி காயுற இடத்துல அது படிகமா வெளிய வருது, உங்க நறநற அதுதான். சோப்பு மூணுல ஒரு பங்குதான் உருவாச்சு, அதனால தண்ணி கசியுது. ரெண்டு தொல்லைக்கும் ஒரே காரணம்.

போராக்ஸை 0.36க்குக் குறைச்சா நறநற போகும், கசிவு போகாது. சுலபமான வழி: ஸ்டியரிக் ஆசிட் 1 கிராம் சேருங்க, பாரபினை 49 ஆக்குங்க. ஸ்டியரிக்கோட ஆசிட் வேல்யூ 208 அளவுல இருக்கும். 105 + 208 = 313 மில்லிகிராம், அதுக்குப் போராக்ஸ் 1.06. நீங்க போடுறது 1.0. கொஞ்சம் அமிலம் மிஞ்சும், அது நல்லது. காரம் மிஞ்சக் கூடாது.

இன்னொண்ணு, பிரிசர்வேட்டிவே காணோம். 34% தண்ணி இருக்கு. பன்னீர் பூஞ்சைக்குப் பந்தி போட்ட மாதிரி. ஃபீனாக்ஸிஎத்தனால் 0.8 போடுங்க. போராக்ஸ் க்ரீம் பிஹெச் 8க்கு மேல போகும், அங்க பாராபென் மெல்ல உடையும், அதனால இங்க அது வேண்டாம்.

#3 கோவை_லேப்

பாண்டி சார் கணக்கு சரி. தாமரை மேடம், ஆசிட் வேல்யூவை ஊகிக்க வேண்டியதில்லை, டைட்ரேஷன் (காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தை அளப்பது) செய்துவிடலாம். 3 கிராம் மெழுகைச் சைலீனும் ஆல்கஹாலும் கலந்த கரைசலில் சூடாகக் கரைத்து, ஃபீனால்ஃப்தலின் இரண்டு சொட்டு விட்டு, 0.1 நார்மல் ஆல்கஹாலிக் கேஓஹெச்சால் டைட்ரேட் செய்யுங்கள். மெழுகு போடாமல் ஒரு பிளாங்க் எடுத்து அதைக் கழிக்க வேண்டும். மில்லி × நார்மாலிட்டி × 56.1 ÷ கிராம். சைலீன் தீப்பற்றும், ஹாட் பிளேட்டிலோ வாட்டர் பாத்திலோ மட்டும் சூடாக்கவும். கல்லூரி லேப் ஏதாவது பக்கத்தில் இருந்தால் அரை மணி நேர வேலை.

போராக்ஸ் பற்றி ஒரு எச்சரிக்கை: ஐரோப்பிய ஒன்றியத்தில் போரேட்டுகள் அழகுசாதனங்களில் தடை. ஏற்றுமதி எண்ணம் இருந்தால் இந்த வகையையே விட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கும் புண்பட்ட தோலுக்கும் எங்குமே வேண்டாம்.

வகைகள் பற்றிக் கேட்டீர்கள். பெயரை விட்டுவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: வெளியே இருப்பது தண்ணீரா எண்ணெயா, அதாவது எதற்குள் எது துளித்துளியாக இருக்கிறது? பிடித்து வைத்திருப்பது எது?

கோல்டு க்ரீம், 34% தண்ணீரில், எண்ணெய் வெளியே இருக்கும் எமல்ஷன். 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் கேலன் பெயரில் வழங்கும் பழைய செய்முறையில் மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர் மட்டும்தான். அதில் எமல்சிஃபையர் என்று சொல்லத்தக்கது இல்லை, தண்ணீர் எளிதில் பிரியும். அப்படிப் பிரிந்து ஆவியாகும்போது தோல் குளிர்வதால்தான் கோல்டு. போராக்ஸ் வந்த பிறகுதான் அது ஜாடியில் நின்றது.

வானிஷிங் க்ரீம், நம் ஊர்ப் பேச்சில் ஸ்நோ, நேர் எதிர். வெளியே தண்ணீர், உள்ளே ஸ்டியரிக் ஆசிட். தேய்த்ததும் வெள்ளை மறைவதால் வானிஷிங். ஸ்நோ என்ற சொல் 1892இல் வந்த ஹேஸலின் ஸ்நோ மாதிரியான பெயர்களில் இருந்து ஒட்டிக்கொண்டது. 1919இன் ஆப்கன் ஸ்நோ அதை இந்தியா முழுக்கப் பரப்பியது. இன்றும் 'ஸ்நோ பவுடர்' என்றுதானே சொல்கிறோம்.

மூன்றாவது, நீலத் தகர டப்பா வகை. 1911இல் நிவியா வந்தது யூசரிட் என்ற எமல்சிஃபையரால். கம்பளிக் கொழுப்பில் இருந்து பிரித்த ஆல்கஹால்கள் அவை. எண்ணெய் வெளியே, தண்ணீர் உள்ளே, சோப்பு இல்லாமலேயே நிலைக்கும்.

இன்றைய மாய்ஸ்சரைசர், லோஷன் எல்லாம் பெரும்பாலும் நான்அயானிக் (மின்னேற்றம் இல்லாத) எமல்சிஃபையர் போட்ட, தண்ணீர் வெளியே இருக்கும் வகை. சோப்பு இல்லாததால் பிஹெச்சை 5.5க்கு இறக்கலாம். பாடி பட்டர் என்று விற்பதில் பல, தண்ணீரே இல்லாத எண்ணெய்க் கலவை. அது க்ரீம் அல்ல, களிம்பு. பெயரில் என்ன இருக்கிறது என்று விட முடியாது, பிரிசர்வேட்டிவ் தேவையா இல்லையா என்பதே அதில்தான் இருக்கிறது.

எது வெளியே என்று தெரியவில்லையா? ஒரு தம்ளர் தண்ணீரில் சிறு உருண்டை போட்டுக் கலக்குங்கள். பால் மாதிரி பரவினால் வெளியே தண்ணீர். உருண்டையாகவே மிதந்தால் வெளியே எண்ணெய்.

#4 மல்லிகைப்பந்தல்

ஸ்நோவுக்கு அளவோடு ஒரு ஃபார்முலா கிடைக்குமா? நெட்டில் இருப்பதெல்லாம் 'காஸ்டிக் பொட்டாஷ் ஒரு சிட்டிகை' என்கிற ரகம்.

#5 பீக்கர்_பாண்டி

சிட்டிகைல காஸ்டிக் போடுறவங்க கைல முகத்தைக் குடுக்காதீங்க.

100 கிராமுக்கு: ஸ்டியரிக் ஆசிட் (ட்ரிபிள் பிரெஸ்டு) 18, சீட்டைல் ஆல்கஹால் 0.5, கிளிசரின் 8, கேஓஹெச் செதில் 0.88, மெத்தில் பாராபென் 0.2, புரொப்பைல் பாராபென் 0.1, வாசனை 0.3, மீதி டிஸ்டில்டு வாட்டர், சுமார் 72.

0.88 எங்க இருந்து வந்தது? 18 × 208 = 3744 மில்லிகிராம் கேஓஹெச் போட்டா மொத்த அமிலமும் சோப்பாயிடும். நமக்கு அஞ்சுல ஒரு பங்குதான் சோப்பாகணும், மீதி அமிலமாவே இருக்கணும். அதுதான் முகத்துல அந்த மெழுகு மாதிரி மேட் படலத்தைத் தர்றது. 20% = 749 மில்லிகிராம். கடையில கிடைக்கிற செதில் 85% தான் கேஓஹெச், மீதி ஈரம். 0.749 ÷ 0.85 = 0.88. மூடி திறந்தே கிடந்த டப்பான்னா இன்னும் ஈரம் குடிச்சிருக்கும், கணக்கு இடிக்கும்.

பாத்திரம் எஸ்எஸ் அல்லது கண்ணாடி. அலுமினியத்தை காஸ்டிக் அரிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. செதிலைத் தண்ணியில போடுங்க, செதில் மேல தண்ணிய ஊத்தாதீங்க. அதுலயே கிளிசரின், மெத்தில் பாராபென் சேர்த்து 75 டிகிரி. ஸ்டியரிக், சீட்டைல், புரொப்பைல் இன்னொரு பாத்திரத்துல 75. தண்ணிய அமிலத்துக்குள்ள மெல்லிசா ஒழுகவிட்டுக் கலக்குங்க. பிளெண்டர் வேண்டாம், நுரை கட்டிக்கும், ஸ்நோல மாட்டின காத்து வெளிய வராது. துடுப்பு மாதிரி ஒரு கலக்கி, நிதானமா, 40 டிகிரி வர்ற வரைக்கும். வாசனை கடைசியில.

சோடியம் காஸ்டிக் போட்டா கட்டியாகும். ட்ரைஎத்தனாலமைன் போட்டா மிருதுவா வரும், ஆனா நாள்பட மஞ்சளாகும். பொட்டாஷ்தான் நடுவாந்தரம்.

முத்துப் பளபளப்பு முதல் நாள் வராது. அமிலம் சின்னச் சின்னத் தகடாப் படிகமாகணும், சில நாள் ஆகும். வரலைன்னு திரும்பக் காய்ச்சாதீங்க.

#6 செக்கு_சேகர்

இதில் 5% எலுமிச்சைச் சாறு சேர்த்தால் முகம் பளிச்சென்று இருக்குமே? கெமிக்கலும் குறையும்.

#7 பிஹெச்_ஏழு

சேகர் ப்ரோ, க்ரீமே உடையும். எலுமிச்சைச் சாற்றில் சிட்ரிக் அமிலம் 5 முதல் 6%. 5 கிராம் சாறு என்றால் 0.27 கிராம் அளவு, 1.4 மில்லிமோல். ஒவ்வொன்றும் மூன்று சோப்பு மூலக்கூறை மறுபடி ஸ்டியரிக் ஆசிடாக மாற்றும். பாண்டி அண்ணன் ஃபார்முலாவில் உள்ள மொத்த சோப்பு 13.3 மில்லிமோல், அதில் 4.2 காலி. மூன்றில் ஒரு பங்கு. முதலில் மணல் மணலாகும், அப்புறம் தண்ணீர் விடும்.

சாலிசிலிக், லாக்டிக், வைட்டமின் சி எதுவானாலும் சோப்பு க்ரீமில் இதே கதைதான். தவிர எலுமிச்சை பட்ட தோலில் வெயில் பட்டால் சிலருக்குக் கொப்புளம் வந்து கறுப்புத் தழும்பு நிற்கும். பளிச்சுக்கு நேர் எதிர்.

#8 தாமரை_86

நன்றி பாண்டி சார், கோவை_லேப் சார். மெழுகை டைட்ரேஷனுக்குக் கொடுத்திருக்கிறேன். நயாசினமைடு (வைட்டமின் பி3 வகை) போட்ட பகல் லோஷனுக்கு எச்எல்பி கணக்கு போட்டுத்தான் எமல்சிஃபையர் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

#9 கோவை_லேப்

எச்எல்பி 1949இல் கிரிஃபின் கொடுத்த அளவுகோல், எமல்சிஃபையர் தண்ணீர்ப் பக்கம் சாய்கிறதா எண்ணெய்ப் பக்கம் சாய்கிறதா என்று காட்டும் எண். கணக்கு எளிது. எண்ணெய்க்குத் தேவை 12 என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் எமல்சிஃபையர்கள் ட்வீன் 60 (14.9), ஸ்பான் 60 (4.7). ட்வீனின் பங்கு (12 − 4.7) ÷ (14.9 − 4.7) = 0.716. மொத்தம் 5% எமல்சிஃபையர் என்றால் ட்வீன் 3.6, ஸ்பான் 1.4.

ஆனால் இது எந்த ஜோடி, எந்த விகிதம் என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு போடுவது, நிலைக்குமா என்பதைச் சொல்லாது. க்ரீமைக் க்ரீமாக நிறுத்துவது சீட்டோஸ்டியரைல் ஆல்கஹாலும் எமல்சிஃபையரும் சேர்ந்து தண்ணீரைச் சுற்றிக் கட்டும் அடுக்குகள். அதை எச்எல்பி எண் பார்க்காது. புதியவர்கள் எச்எல்பியைக் கொண்டாடும் அளவுக்கு அது உதவுவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

லோஷனுக்கு நேரடியாக ஒன்று, 100 கிராமுக்கு. எண்ணெய்ப் பக்கம்: சீட்டோஸ்டியரைல் ஆல்கஹால் 3, கிளிசரில் மோனோஸ்டியரேட் 2, செட்டியரெத்-20 1.5, சூரியகாந்தி எண்ணெய் 8, டைமெத்திகோன் 1. தண்ணீர்ப் பக்கம்: தண்ணீர் 75.2, கிளிசரின் 4, சாந்தன் கம் 0.2, டைசோடியம் இடிடிஏ 0.1. ஆறிய பின்: நயாசினமைடு 4, ஃபீனாக்ஸிஎத்தனாலும் எத்தில்ஹெக்ஸைல் கிளிசரினும் சேர்ந்த கலவை 1.

சாந்தன் கம்மை முதலில் கிளிசரினில் குழைத்துப் பிறகு தண்ணீரில் விடுங்கள். நேரே தண்ணீரில் தூவினால் மீன் கண் மாதிரி கட்டி கட்டியாக நிற்கும், எவ்வளவு அடித்தாலும் கரையாது. இரண்டு பக்கமும் 75 டிகிரி, தண்ணீர்ப் பக்கத்தை அதே சூட்டில் 20 நிமிடம் வைத்திருங்கள். ஒன்றில் ஒன்றை ஊற்றி மூன்று நிமிடம் பிளெண்டர், தலை முழுக்க மூழ்கியிருக்க வேண்டும். பிறகு மெதுவாகக் கலக்கி 40க்குக் கீழே இறக்கி, நயாசினமைடைக் கொஞ்சம் தண்ணீரில் (அந்த 75.2இல் இருந்தே எடுத்து வைத்தது) கரைத்துச் சேருங்கள்.

கடைசியில் பிஹெச் 5.5 முதல் 6.5. நயாசினமைடு அதிக அமிலத்திலோ காரத்திலோ இருந்தால் நிக்கோட்டினிக் அமிலமாக உடையும், முகம் சிவந்து எரியும். அந்தச் சிவப்பை அலர்ஜி என்று நினைத்து வாசனையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

ஊற்றும்போது தண்ணியாகத்தான் இருக்கும். கெட்டியாக இல்லையே என்று மறுநாளே சீட்டோஸ்டியரைலை ஏற்றாதீர்கள். 24 முதல் 48 மணி நேரத்தில் அது படிகமாகித் தானே இறுகும். அவசரப்பட்டு ஏற்றினால் மூன்றாம் நாள் பம்ப் பாட்டிலில் இருந்து வெளியே வராது.

#10 செக்கு_சேகர்

எல்லா ஃபார்முலாவிலும் பிரிசர்வேட்டிவ் இருக்கிறது. வைட்டமின் ஈ, கிராம்பு எண்ணெய், வேப்பிலைச் சாறு போட்டால் போதாதா? இல்லை என்றால் சாப்பாட்டில் போடுகிற சோடியம் பென்சோயேட்.

#11 பிஹெச்_ஏழு

வைட்டமின் ஈ எண்ணெய் காறுவதைத் தள்ளிப்போடும். கிருமியை ஒன்றும் செய்யாது. ரெண்டும் வேறு வேலை. வேப்பிலைச் சாறு பிரிசர்வேட்டிவ் அல்ல, கிருமிக்குச் சோறு. கிராம்பு எண்ணெய் கிருமியைக் கட்டுப்படுத்தும் அளவுக்குப் போட்டால் தோல் தாங்காது.

பென்சோயேட் நல்ல பொருள்தான், பிஹெச் இறக்கினால். உப்பாக இருக்கும்போது அது வேலை செய்யாது, அமில வடிவம்தான் கிருமிக்குள் நுழையும். பென்சாயிக் அமிலத்தின் பிகேஏ (பாதி அமிலமாகவும் பாதி உப்பாகவும் இருக்கும் பிஹெச்) 4.2. பிஹெச் 4.5இல் மூன்றில் ஒரு பங்கு அமிலமாக இருக்கும். 5.5இல் வெறும் 5%. சார்பிக் அமிலம் (பொட்டாசியம் சார்பேட்) 4.76, அதனால் கொஞ்சம் தேவலை: 4.5இல் 65%, 5.5இல் 15%. நயாசினமைடு லோஷனை 6இல் வைத்துவிட்டு 0.5% பென்சோயேட் போட்டால் லேபிளில் பிரிசர்வேட்டிவ் இருக்கும், ஜாடியில் இருக்காது.

ஃபீனாக்ஸிஎத்தனால் பிஹெச்சைப் பற்றி அதிகம் கவலைப்படாது, உச்ச வரம்பு 1%. பூஞ்சை மேல் அதன் பிடி கொஞ்சம் தளர்வு, அதனால்தான் எத்தில்ஹெக்ஸைல் கிளிசரின் துணை. இடிடிஏ 0.1% சேர்த்தால் சூடோமோனாஸ் மாதிரிக் கிருமிகளின் வெளிச்சுவர் பலவீனமாகும். அதே ஜாடியில் ட்வீன் 4% இருந்தால் பாராபெனின் ஒரு பகுதி அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். புத்தக அளவு போட்டும் பூஞ்சை வந்தது என்பவர்கள் முதலில் ட்வீனைப் பாருங்கள்.

கண்ணால் பார்த்து 'ஆறு மாதம் கெடவில்லை' என்பது சோதனை ஆகாது. கிராமுக்கு லட்சக்கணக்கில் கிருமி இருந்தாலும் க்ரீம் வெள்ளையாகவே இருக்கும். முறையான சோதனை ஐஎஸ்ஓ 11930. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ், ஈ.கோலை, கேண்டிடா, ஆஸ்பெர்ஜில்லஸ் ஐந்தையும் க்ரீமில் கலந்து 7, 14, 28ஆம் நாள் எண்ணுவார்கள்.

#12 செக்கு_சேகர்

பிஹெச் கணக்கு தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். அப்ப தண்ணீரே இல்லாத களிம்பில் பிரிசர்வேட்டிவ் வேண்டாம்தானே?

#13 பிஹெச்_ஏழு

ஆமாம், ஈரக் கை படாதவரை. குளியலறையில் வைத்து நனைந்த விரலால் எடுப்பார்கள் என்றால் வாய் அகன்ற ஜாடி வேண்டாம், ட்யூபில் அடையுங்கள். அங்கே வைட்டமின் ஈ 0.2 முதல் 0.5% போடுங்கள், அங்கேதான் அதற்கு வேலை.

#14 மல்லிகைப்பந்தல்

பித்த வெடிப்புக் க்ரீமுக்கு எந்த வகை? யூரியா 10% போட்டால் ஒரு மாதத்தில் கழிவறை வாடை வருகிறது. ஷியா பட்டர் போட்டால் ரவை மாதிரி ஆகிறது. இன்னொரு க்ரீமைத் தேய்க்கத் தேய்க்க வெள்ளையாகவே நிற்கிறது.

#15 பீக்கர்_பாண்டி

மூணும் வேற வேற நோய்.

வாடை அமோனியா. யூரியா சூட்டுலயும் காலப்போக்குலயும் உடைஞ்சு அமோனியா விடும், பிஹெச் ஏறும், ஏற ஏற மத்ததெல்லாம் கெடும். யூரியாவை 40 டிகிரிக்கு மேல காட்டாதீங்க. ஆறினப்புறம் தண்ணியில கரைச்சுப் போடுங்க. கரையும்போது பாத்திரமே சில்லுனு ஆகும், க்ரீம் உறைஞ்சுடும், அதனால அந்தக் கரைசலை அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்து ஊத்துங்க. லாக்டிக் ஆசிடும் சோடியம் லாக்டேட்டும் சேர்த்து பஃபர் பண்ணினா பிஹெச் ஏறுறது நிதானமாகும். கார்போமர் போட்ட ஜெல் க்ரீமா இருந்தா லாக்டேட் உப்பு அதைக் கரைச்சுத் தண்ணியாக்கிடும், அங்க வேற தடிப்பான் தேடுங்க. கத்தாழைச் சாறும் கார்போமரை இதே மாதிரி கவுத்துடும், காரணம் அதுல இருக்கிற உப்பு.

ரவை, ஷியாவோட ஸ்டியரிக் கொழுப்பு மெதுவா ஆறும்போது தனியாப் படிகமாகுறது. 75 முதல் 80ல 20 நிமிஷம் வெச்சு எல்லாப் படிகமும் உருகணும், அப்புறம் பாத்திரத்தைக் குளிர் தண்ணித் தொட்டியில வெச்சுக் கலக்கிக்கிட்டே சீக்கிரம் இறக்கணும். பாதி உருகின ஷியாவுல விதைப் படிகம் மிஞ்சும், அதைச் சுத்தி ரவை வளரும்.

தேய்க்கும்போது வெள்ளை நிக்கிறதுக்கு சோப்பிங்னு பேரு. எமல்சிஃபையரும் கொழுப்பு ஆல்கஹாலும் ஜாஸ்தி. சீட்டைலை அரை அரை பர்சன்டா இறக்குங்க, டைமெத்திகோன் 0.5 முதல் 1 போடுங்க.

குதிகாலுக்கு எண்ணெய் வெளியே இருக்கிற வகை நல்லா நிக்கும். எமல்சிஃபையர் எண்ணெய்லயே கரையுற வகை, தண்ணியில மெக்னீசியம் சல்ஃபேட் 0.7%. அந்த உப்பு இல்லாட்டி துளி துளியா ஒண்ணு சேர்ந்து தண்ணி வெளிய வந்துடும். இங்க தண்ணிய ரொம்ப ரொம்ப மெதுவா ஊத்தணும், கலக்கி நிக்கக் கூடாது. அவசரப்பட்டா தலைகீழாப் போயிடும்.

#16 மல்லிகைப்பந்தல்

200 கிராமில் அருமையாக வருவது 20 கிலோவில் தண்ணியாகவோ ரவையாகவோ வருகிறதே, அதற்கும் இதுதான் காரணமா?

#17 கோவை_லேப்

பெரும்பாலும் ஆறும் வேகம்தான். 200 கிராம் பீக்கர் அரை மணியில் 40க்கு வரும். 20 கிலோ அண்டா தானாக ஆற மணிக்கணக்காகும், நடுவில் 60, ஓரத்தில் 40. ஓரத்தில் உறைந்ததைக் கலக்கி உள்ளே தள்ளினால் கட்டி. ஜாக்கெட் பாத்திரம் (இரட்டைச் சுவருக்கு நடுவில் தண்ணீர் ஓடுவது), சுவரைச் சுரண்டும் ஆங்கர் கலக்கி, நிமிடத்துக்கு 30, 40 சுற்று. ஹோமோஜெனைசர் சூடாக இருக்கும்போது ஐந்து நிமிடம் மட்டும். 45க்குக் கீழே அதை ஓட்டினால் கட்டமைப்பு நொறுங்கும், பிறகு இறுகாது.

அடுத்தது ஆவி. காலிப் பாத்திரத்தின் எடையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 200 கிராம் பேட்சில் 8 கிராம் ஆவியானால் 4%, பிரிசர்வேட்டிவ் உட்பட எல்லாச் சதவீதமும் ஏறிவிடும். காய்ச்சி ஆறிய தண்ணீரால் எடையைச் சரிக்கட்டுங்கள். 0.01 கிராம் காட்டும் தராசு இல்லாமல் 0.1% இடிடிஏ பற்றிப் பேசிப் பயனில்லை. 200 கிராமில் அது 0.2 கிராம்தான், சமையலறைத் தராசு அதை அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

நிலைப்புக்கு: இந்தியத் தர அளவு ஐஎஸ் 6608இல் 45 டிகிரியில் 48 மணி நேரம் பிரியாமல் இருக்க வேண்டும், பிஹெச் 4 முதல் 9. அது குறைந்தபட்சம். சித்திரை வெயிலில் மூடிய கார் அதைத் தாண்டும். 45இல் மூன்று மாதம், ஃப்ரீசரில் ஒரு நாள் வெளியே ஒரு நாள் என்று ஐந்து சுற்று, மையநீக்கியில் 3000 சுற்றில் அரை மணி. இவ்வளவும் தாண்டினால் ஓரளவு நம்பலாம்.

#18 நெறியாளர்

பெட்டாமெத்தசோன் களிம்பையும் ஹைட்ரோகுவினோனையும் கலந்து 'வொயிட்னிங் க்ரீம்' செய்ய அளவு கேட்டு வந்த ஒரு பதிவு நீக்கப்பட்டது. ஸ்டீராய்டு களிம்புகள் 2018 முதல் ஷெட்யூல் ஹெச், மருத்துவர் சீட்டு வேண்டும். முகத்தில் தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் தெரியும், நிறுத்தினால் எரியும். பாதரசம் சேர்த்த க்ரீம்கள் பற்றியும் இங்கே ஃபார்முலா பேச்சு கிடையாது. வேண்டுமென்று சேர்ப்பது தடை, தற்செயல் கலப்புக்கே வரம்பு பத்து லட்சத்தில் 1 பங்கு. 2023இல் மலப்புரம் மாவட்டத்தில் வெளுப்புக் க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகத்தில் புரதம் ஒழுகும் நோய் வந்தது செய்தியானது.

விற்க நினைப்பவர்களுக்கு: 2020 காஸ்மெடிக்ஸ் விதிகளின்படி தயாரிப்பு உரிமம் (படிவம் சிஓஎஸ்-8) இல்லாமல் விற்க முடியாது. வீட்டுச் சமையலறைக்கு அது கிடைக்காது.

#19 தாமரை_86

டைட்ரேஷன் அளவு வந்துவிட்டது. மெழுகு 3.00 கிராம், 0.1 நார்மல், பிளாங்க் கழித்து 4.1 மில்லி. கணக்கில் 7.67. ஸ்டியரிக் ஆசிட் பையில் ஒட்டியிருந்த சான்றில் 206. போராக்ஸ் எவ்வளவு?

#20 பீக்கர்_பாண்டி

15 × 7.67 = 115. ஸ்டியரிக் 1 கிராம் 206. மொத்தம் 321 மில்லிகிராம், 5.72 மில்லிமோல், முழுசா நடுநிலையாக்க 1.09. நீங்க 1.0லயே நில்லுங்க, 92% ஆகுது. ஃபீனாக்ஸிஎத்தனால் 0.8க்குப் பன்னீரை 33.2 ஆக்கிக்குங்க, மெழுகு 15, ஸ்டியரிக் 1, பாரபின் 49, போராக்ஸ் 1, கூட்டினா நூறு. பன்னீர் பாட்டில்ல பொருள் பட்டியலையும் பாருங்க. சிலதுல சிட்ரிக் ஆசிட் இருக்கும், சேகர் எலுமிச்சை கதைதான் திரும்பவும்.

பிளெண்டரை மூணு நிமிஷத்தோட நிறுத்திக் கையால கலக்குங்க. 45, 46 டிகிரில ஜாடில ஊத்துங்க. அதுக்கு மேல ஊத்தினா நடுவுல குழி விழும், கீழ போயிட்டா மேல் பக்கம் மட்டமா அமராது. சூடா இருக்கும்போதே மூடி போட்டீங்கன்னா மூடில வேர்த்து அந்தத் தண்ணி க்ரீம் மேல சொட்டும், பழையபடி கசியுதுன்னு நினைச்சுக்குவீங்க. துணி போட்டு மூடி ராத்திரி வையுங்க, காலையில மூடி போடுங்க.